மஞ்சள் தண்ணீரில் கழுவிய நெட்டி

அக்கா,

இன்று காலை ஆய்வகத்தில் குளிர்பெட்டியைச் சுத்தம் செய்தோம். வருடத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை. போன வருடம் செய்யவில்லை, அதற்கு முந்தின வருடம் செய்ததாக ஞாபகமும் இல்லை. புதிதாகச் சேர்ந்திருக்கும் மாணவி அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்து, "மேடம், இதுல ஒண்ணும் இல்ல, ஒரே மஞ்சக் கறை. தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் டப்பாவைக் கீழே விடப் பார்த்தாள், பாவம். என் கோபம் இன்னும் மூக்கு நுனியில்தான் இருக்கிறது. அதை மட்டும் உன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வெள்ளை டப்பா, நீல மூடி. உள்ளே பாதி உயரம் வரைக்கும் மஞ்சள். சோப்பு, சோடா, ஆய்வகத்தில் இருக்கிற அத்தனை திராவகமும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன், போகவில்லை. மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். மீன் வாடையும் இல்லை, மஞ்சள் வாடையும் இல்லை. வெறும் ஐஸ் வாடை. ஆனால் நீ கேட்பது கேட்டது. ஒவ்வொரு தடவையும் இந்த டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பாய்.

"கவுச்சி அடிக்குதா பாரு."

அந்த மாணவியிடம் பாதிக் கதை சொன்னேன். மீதியை உனக்கு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் பக்கத்துக் கதையை நான் உன்னிடம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நான் உன்னைத் தேடி வரவில்லை, நெட்டியைத் தேடி வந்தேன். புவனகிரியில் நெல்லும் உளுந்தும் போடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கும், அதற்கு நெட்டி என்று பெயர் என்பதெல்லாம் ஆராய்ச்சிக்கு வந்த பிறகுதான் தெரியும். என் வேலை செயற்கை இதய வால்வு. இதயத்துக்குள் நான்கு கதவுகள் இருக்கின்றன, ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற கதவுகள். சின்ன வயதில் தொண்டை வலி, மூட்டு வலி என்று வருகிற ஒரு காய்ச்சல் சிலருக்கு அந்தக் கதவைத் தடிக்க வைத்துவிடும். பிறகு மாற்றுக் கதவுதான் வழி. உலோகத்தில் வைத்தால் நெடுநாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுளுக்கும் மாத்திரை. மாட்டின் இதயத்தை மூடியிருக்கிற மெல்லிய தோலில் செய்து வைத்தால் அந்த மாத்திரைத் தொல்லை பெரும்பாலும் இல்லை, ஆனால் கொஞ்ச வருடத்தில் அதில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும். அந்தத் தோலுக்குப் பதிலாக மீனின் நெட்டி, சுண்ணாம்பு படியாமலிருக்க நான் தயாரித்த ஒரு மருந்துக் குளியல். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு முதல் நாள் வந்தபோது மீன் ஆய்கிற பெண்கள் மூன்று பேர் என்னை விரட்டினார்கள். "நெட்டிக்கு ஆளு இருக்குது, காய வெச்சு குடுக்கணும், நீ போம்மா" என்றாள் ஒருத்தி. நான்காவதாக இருந்தவள் நீ. அருவாமணையில் ஒரு பெரிய கத்தாழை மீனைப் பிளந்துகொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு?"

"இதயத்துல வைக்கறதுக்குங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாய். "யாரு இதயத்துல?"

நோட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். நீ கையில் ரத்தத்தோடு குனிந்து பார்த்துவிட்டு, "எங்க நாத்தனா பொண்ணுக்கு இதான் வெச்சிருக்காங்க, இரும்புல" என்றாய். "பக்கத்துல ஒக்காந்தா டிக்கு டிக்குன்னு கேக்கும். மாசாமாசம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். கீர கூட அளவாத்தான் துன்னணும்ங்கறாங்க. கல்யாணம் ஆயி ஒரு புள்ள தங்குனா அந்த மாத்திர புள்ளைக்கு ஆவாதாம். அவ துணிக்கடையில நின்னுக்கினு மத்தவுங்களுக்கு மூர்த்தப் பொடவ எடுத்துப் போடறா."

பிறகு கத்தாழையின் வயிற்றிலிருந்து நெட்டியை விரலால் நெம்பி எடுத்தாய். ஒரு கீறல் இல்லை. "இந்தா. இனிமே நான் எடுத்து வெக்கிறேன்" என்றாய்.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு நாள் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவேன். எட்டு மணிக்கு ஐஸ் மேல் என் டப்பா தயாராக இருக்கும். ஆரம்பத்தில் உன்னை நீங்க, வாங்க என்றுதான் பேசினேன். "நீங்க வாங்கன்னா யாரோ மாதிரி இருக்குது. அக்கான்னு சொல்லிட்டு அப்பறம் என்னா நீங்க?" என்று அதட்டினாய். என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவள், ஆனால் அதட்டலில் அறுபது வயது. என்னை டாக்டரம்மா என்று கூப்பிடுவாய். நான் டாக்டர் இல்லை, பட்டம் இன்னும் வரவில்லை என்றால், "ஆவப்போற இல்ல? இப்பவே கூப்ட்டு பழகிக்கிறேன்" என்பாய். பஸ்ஸில் கண்டக்டர் மட்டும், "யம்மா, அந்தப் பொட்டிய பின்னாடி கொண்டு போயி வெய்யி" என்பார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் தாண்டுகிற வரைக்கும் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். எனக்குக் கால் நீட்ட வசதி.

துறைமுகத்துக்கு வரத் தொடங்கிய நான்காவது வருடத்தில் முடிவு வந்தது. பதப்படுத்திய நெட்டித் துண்டுகளை எலிகளின் தோலுக்கடியில் வைத்து, சில வாரம் கழித்து எடுத்து, எவ்வளவு சுண்ணாம்பு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்போம். சாதாரணமாகப் பதப்படுத்திய மாட்டுத் தோலில் மணல் மணலாகச் சேர்ந்திருந்தது. என் நெட்டியில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. என் வழிகாட்டியான சார் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்தார். "உன் மருந்து வேலை செய்யுது" என்றார். கட்டுரை எழுதினோம். ஆய்வேடும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இரண்டு முறை கெடு நீட்டிப்பு வாங்கியிருந்தேன். மிச்சம் நான்கு மாதம், அதற்குள் கொடுக்காவிட்டால் அத்தனை வருடமும் வீண். ஆனால் கொடுத்துவிடுவேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. புவனகிரியில் அம்மா ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

அந்த வாரம் கடலூரில் என்னோடு படித்தவளுக்குக் கல்யாணம். விடிகாலை முகூர்த்தம். தாலி கட்டி, டிபனும் சாப்பிட்டாயிற்று, மணி ஏழுகூட ஆகவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்படியே நெட்டியையும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகத் துறைமுகத்துக்கு வந்தேன். எட்டு மணிக்கு வருகிறவள் ஒரு மணி நேரம் முந்திவிட்டேன்.

நீ குழாயடியில் உட்கார்ந்திருந்தாய். முன்னால் ஒரு குண்டான், அதில் மஞ்சள் தண்ணீர். ஒரு நெட்டியை எடுத்து, கல்லுப்பு போட்டு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்து, மஞ்சள் தண்ணீரில் முக்கி, குழாய்த் தண்ணீரில் அலசினாய். குழம்புக்கு என்றுதான் நினைத்தேன். அலசிய நெட்டி என் டப்பாவுக்குள் போனது.

"அக்கா, என்ன பண்ற?"

"அட, டாக்டரம்மா. பட்டுப் பொடவையா? திருஷ்டி சுத்திப் போடணும் போ."

"அது என்னோடதா? அதுலயா மஞ்சள் போட்ட?"

"எப்பவும் போடறதுதான? மீன மஞ்ச உப்பு போட்டுக் கழுவாம எந்த வூட்டுல குடுப்பாங்க?"

"எப்பவும்னா? எப்பலேருந்து?"

"நீ வந்த மொத நாள்லேருந்து. மொத நாள் குடுத்தத வுடு, அது அவசரத்துல குடுத்தது. நாளைக்கு யாரோ ஒருத்தவங்க நெஞ்சுல போயி உக்காரப் போறது. கவுச்சி அடிச்சா அவுங்க என்னா நெனப்பாங்க?"

மஞ்சளுக்கே சுண்ணாம்பைத் தடுக்கிற குணம் இருக்கலாம். அப்படியென்றால் நான்கு வருடம் வேலை செய்தது என் மருந்தா, உன் மஞ்சளா? போதாததற்குக் குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர் பட்டால் அந்தச் சவ்வு ஊறி உப்பிப் பலமிழக்கும். பதப்படுத்தும் ரசாயனத்தில் போட்டால் எந்தச் சவ்வும் கொஞ்சம் மஞ்சளாகத்தான் மாறும், அதனால் நிறத்தைப் பார்த்து நான் சந்தேகப்படவே இல்லை. டப்பாவின் உள்பக்கத்தில் கறை இருந்தது, அதையும் பழைய டப்பா என்று விட்டுவிட்டேன்.

நான் கத்தினேன். துறைமுகமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினேன். வேலை செய்தது என் மருந்தா, உன் மஞ்சளா என்று கேட்டுக் கத்தினேன், மற்றதெல்லாம் ஞாபகம் இல்லை. இன்னொன்று மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. "படிக்காதவங்கள நம்பி வேலைய குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்றேன்.

பக்கத்திலிருந்த பெண்கள் ஆய்வதை நிறுத்திவிட்டார்கள். நீ குண்டானில் இருந்த தண்ணீரைச் சாய்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தாய்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. போ" என்றாய்.

பஸ்ஸில் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் உன்னிடம் வாங்கியதைப் பதிவு செய்த பக்கங்கள். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்தில், 'புதிதாக எடுத்தது, எதுவும் சேர்க்கப்படவில்லை' என்று இருந்தது. யாரைக் கேட்டு எழுதினேன்? உன்னை ஒரு நாள் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே சொல்லியிருப்பாய். நீ மறைத்துச் செய்யவே இல்லை. நான்தான் கேட்காமல், தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி நான்கு வருடம் எழுதியிருக்கிறேன். படித்தவள் செய்த வேலை அது.

அடுத்த மூன்று நாள் என்ன செய்தேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். பொய் சொல்லத் தயாரானேன், அக்கா. முழு மனதோடு. மஞ்சள் விஷயம் தெரிந்தது உனக்கும் எனக்கும்தான். துறைமுகத்தில் நான் ஏன் கத்தினேன் என்று அங்கிருந்த யாருக்கும் புரிந்திருக்காது. சாரிடம் சொல்லாமல் இருந்தால் கட்டுரை வரும், பட்டம் வரும், அம்மா ஊர் வாய்க்கு அவலாக மாட்டாள். இனிமேல் ஒழுங்காகச் செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டுரையை அனுப்புவதற்கான கடிதத்தையும் தட்டச்சு செய்து முடித்தேன். சார் ஊரில் இல்லாததால் மட்டும்தான் அது போகவில்லை.

நான்காம் நாள் காலை பத்து மணி வாக்கில் காவலாளி வந்து, "மேடம், கடலூர்லேருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க, கையில பொட்டி" என்றார். வெளியே வந்தால் நீ. சந்தன நிறப் புடவை, தலையில் கனகாம்பரம், கையில் ஐஸ் பெட்டி. என்னைப் பார்த்ததும், நேற்றுத்தான் பேசிப் பிரிந்த மாதிரி, "எவ்ளோ பெரிய கட்டடம். நாலு பேர்கிட்ட வழி கேட்டேன், நாலு பேரும் நாலு பக்கம் காட்டறாங்க" என்றாய்.

பெட்டிக்குள் இரண்டு டப்பா இருந்தது. நீல மூடி ஒன்று, சிவப்பு மூடி ஒன்று.

"நீல மூடியில இருக்கறது எப்பவும் போல மஞ்ச போட்டது. செவப்புல இருக்கறது ஒண்ணும் போடல, தண்ணிகூட காட்டல, அப்படியே ஐஸ்ல வெச்சேன். ரெண்டும் வேற வேற மீனு இல்ல. ஒவ்வொரு நெட்டியையும் ரெண்டா கிழிச்சு, பாதி இதுல, பாதி அதுல."

நான் இரண்டு மூடியையும் திறந்து பார்த்தேன்.

"மீனு சீக்கிரம் கெட்டுப்போனா, கொறை மீனுலயா ஐஸுலயான்னு சந்தேகம் வரும். நாங்க ஒரே மீன ரெண்டா வெட்டி ரெண்டு பொட்டியில வேற வேற ஐஸு போட்டுப் பாப்போம். ஒண்ணு கெட்டு ஒண்ணு நின்னா, கொறை ஐஸுலதான். அதேதான இதுவும்? உன் மருந்தா, என் மஞ்சளான்னு பாத்துடு."

ஐந்து வருடம் ஆராய்ச்சிமுறை என்று பாடம் படித்தவள் அந்த மூன்று நாளும் ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தேன். நீ நெட்டியைக் கிழித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உங்க சார்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"சொன்னா எல்லாம் போயிடும். இன்னும் நாலு மாசந்தான் இருக்கு."

நீ ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தாய். பிறகு சொன்னாய்: "செவுளுக்கு ரத்தத்த பூசி பழைய மீன விக்கிறவளும் எங்கள்ல இருக்கறா. வித்துடுவா. வாங்கிட்டுப் போனவ மறுநா வந்து கத்துவா. நீ எழுதுனத நம்பி நாளைக்கு எங்க பொண்ணு நெஞ்சுல ஒண்ணு வெச்சு, அது கெட்டுப்போனா, நான் யார்கிட்ட போயி கத்தறது? உன்கிட்டயா?"

கத்தறது என்கிற சொல்லை நீ வேண்டுமென்றுதான் சொன்னாய் என்று எனக்குத் தெரியும். அன்று உன் கண்ணில் கோபம் இருந்தது. இருக்கட்டும், அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

சார் மதியம் வந்தார். இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. "மஞ்சள் எவ்வளவு போடுவீங்கம்மா?" என்று உன்னைக் கேட்டார். நீ மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினாய். கேன்டீனிலிருந்து மஞ்சள் தூள் வரவழைத்து, தராசுத் தட்டில் காகிதம் போட்டு முன்னால் வைத்து, "போடுங்க" என்றார். போட்டாய். துடைத்துவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒரே எடை. சார் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் கைய விட இது பரவால்ல" என்றார். அந்த ஒன்றுதான் அவர் என்னைத் திட்டியது.

போவதற்குமுன் ஓடுகிற வால்வைப் பார்க்க வேண்டும் என்றாய். கண்ணாடிக் குழாய்க்குள் உப்புத் தண்ணீரைத் தள்ளுகிற இயந்திரம், அதில் நெட்டியில் செய்த மூன்று இதழ் வால்வு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

"மீனு வாயத் தொறந்து மூடற மாதிரியே இருக்குது" என்றாய். கொஞ்சம் கழித்து, "இது நிக்கவே நிக்காதா?" என்று கேட்டாய்.

"நம்ம நெஞ்சுல இருக்கறது மட்டும் நிக்குதாக்கா?"

"அதுவும் செரிதான்" என்றாய்.

கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். கத்தரிக்காயை இப்படியும் செய்யலாமா என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாய். கோயிலுக்குப் போகலாமா என்றேன். "நடராசர் எங்கயும் போவ மாட்டாரு. பஸ் போயிடும்" என்றாய். நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். "அக்கா, அன்னிக்கு நான் உன்ன பேசுனது..." என்று ஆரம்பித்தேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"முள்ளு தொண்டையில மாட்டுனா ஒரு உருண்ட சோத்த முழுங்கிட்டு அடுத்த வேலையப் பாக்கணும். முள்ளு முள்ளுன்னு பேசிக்கினே இருந்தா அது போவாது."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீ விழுங்கிவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்றைக்கும் லேசாகக் குத்துகிறது, குத்தட்டும்.

கட்டுரை குப்பைக்குப் போனது. சார் யார் யாரிடமோ போய்ப் பேசி எனக்கு இன்னொரு வருடம் வாங்கிக் கொடுத்தார். முதலிலிருந்து தொடங்கினோம். ஒவ்வொரு நெட்டியும் இரண்டு பாதி, நீல மூடி, சிவப்பு மூடி. நடுவில் மீன்பிடித் தடைக்காலம் வந்து இரண்டு மாதம் படகுகள் கரையில் நின்றன. நான் தவித்ததைப் பார்த்துப் பிச்சாவரம் பக்கத்தில் உன் அம்மா வீட்டில் சொல்லிக் கொடுவா மீன் நெட்டி வாங்கித் தருகிறேன் என்று போனில் சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் நீயே, "வேணாம், வேணாம். மீன மாத்துனா மறுபடியும் மொதல்லேருந்து சந்தேகம் வரும்" என்று வைத்துவிட்டாய். உன்னோடு பேசிப் பேசி நான் மீன் வாங்கக் கற்றுக்கொண்டேன். என்னோடு பேசிப் பேசி நீ எதையும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டாய். ஐஸ் கம்பெனிக்காரர் உன்னிடம் பட்ட பாட்டை அவரே என்னிடம் சொன்னார்.

வந்த முடிவு பழையது போலப் பளபளக்கவில்லை. என் மருந்து கொஞ்சம் வேலை செய்தது. உன் மஞ்சளும் கொஞ்சம் வேலை செய்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் சுண்ணாம்பு அடங்கியது. குழாய்த் தண்ணீர் கெடுதல்தான் செய்தது, அதில் உனக்கு மன்னிப்பே இல்லை. என் ஆய்வேட்டில் எல்லாவற்றையும் அப்படியே எழுதினேன். முதல் நான்கு வருட நெட்டிகள் மஞ்சளிலும் உப்பிலும் கழுவப்பட்டவை, ஆய்வாளர் அதைக் கேட்டறியத் தவறினார் என்று எழுதினேன். யோசனையைச் சொன்னவர் என்று உன் முழுப்பெயரையும் ஊரையும் போட்டேன். அந்தப் பக்கத்தைத் துறைமுகத்தில் உன் முன்னால் நின்று படித்துக் காட்டியபோது, பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "இன்னொரு தபா படி" என்றாய். ஐந்து தடவை படித்தேன். பட்டம் வாங்கிய பிறகு என்னை எல்லோரிடமும், "எங்க டாக்டரம்மா. ஆனா ஊசி போடத் தெரியாது" என்றுதான் அறிமுகப்படுத்தினாய்.

போன ஐப்பசி மழையில் உன் நாத்தனார் மகள் போன் செய்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்ததாம். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் மீன் ஆய்ந்திருக்கிறாய். படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் பார்த்துக்கொள்ள வைக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது உன் அருவாமணை கழுவிச் சுவரில் சாய்த்திருந்தது. நான் அழுதேன், நன்றாகவே அழுதேன். நாத்தனார் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகைச் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தபோது அவள் நெஞ்சிலிருந்து அந்த டிக்கு டிக்கு எனக்குக் கேட்டது. நீ சொன்ன மாதிரியே. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. இரும்போ எதுவோ, அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது என்னிடம் யார் எதைக் கொடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். "எங்கிட்ட தர்றதுக்கு முன்னாடி இதுக்கு வேற என்ன செஞ்சீங்க?" ரசாயனம் கொண்டு வருகிறவர், எலிக்கூண்டைப் பார்த்துக்கொள்கிறவர், மாணவர்கள், யாரையும் விடுவதில்லை. அதட்டிக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று தெரிந்து மெதுவாகக் கேட்கப் பழகியிருக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் கோபம் வருகிறது, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் வருவதில்லை. டப்பாவை இன்றைக்குக் கழுவித் துடைத்து என் மேசைமேல் வைத்திருக்கிறேன். அந்த மாணவி அதில் பேனா போட்டு வைக்கலாமா என்று கேட்டாள். சரி என்றேன். நீ இருந்திருந்தால் சும்மா கிடக்கிற டப்பாவைப் பார்த்துச் சும்மா இருந்திருக்க மாட்டாய்.

ஒரு சேதி சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன். மனிதர்களுக்கு வைக்க இன்னும் பல வருடம் ஆகும். அதற்குமுன் ஆட்டுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். அதை உன்னிடம் சொன்ன அன்று, "ஆட்டு நெஞ்சுல மீனா? கொழம்புலகூட சேக்க மாட்டமே" என்று சிரித்தாய். வைத்துவிட்டார்கள், அக்கா. உன் மூன்று விரலில் தொடங்கி, நாங்கள் அளவு கட்டிச் சேர்த்த மஞ்சளோடு, கடலூர்க் கத்தாழையின் நெட்டி. ஆறு மாதமாக ஆடு நன்றாக இருக்கிறது. போன வாரம் அதைப் பார்க்கப் போயிருந்தேன். கால்நடை மருத்துவர் ஸ்கேன் வைத்துக் காட்டினார். திரையில் மூன்று இதழும் விரியத் திறந்து, ஒட்ட மூடின. சுண்ணாம்பு எதுவும் தெரியவில்லை என்றார். ஆடு இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நான் மண்டியிட்டு உட்கார்ந்து, ஆட்டின் நெஞ்சில் முகத்தை வைத்து, மூச்சை நன்றாக இழுத்தேன். அவர் பார்த்துவிட்டார். "என்ன மேடம், மோந்து பாக்கறீங்க?" என்று சிரித்தார். ஒருத்திக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கவுச்சி இல்லை, அக்கா. ஆட்டு வாடைதான் அடித்தது.